நனைந்த மரம் எப்போது கெடுகிறது?

தோணி ஆண்டுக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கிறது. பழைய கிணறுகளின் அடியில் இறக்கிய நெல்லிக்கட்டை தலைமுறை தாண்டியும் இற்றுப்போகாமல் இருக்கிறது. ஆனால் ஓடு ஒழுகி ஒரே இரவு நனைந்த தேவாலயப் பெஞ்சு, இரண்டு மாதத்தில் பலகை வளைந்து, வாய் பிளந்து, கால் ஆடத் தொடங்கிவிடுகிறது. தண்ணீர்தான் மரத்துக்குப் பகை என்றால் முதலில் போயிருக்க வேண்டியது தோணி. அப்படி நடக்கவில்லை என்பதைப் பார்த்ததுமே ஒரு சந்தேகம் எழ வேண்டும்: மரத்தைக் கெடுப்பது நனைவதா, நனைந்தபின் காய்வதா? விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையிலுள்ள ஆமத்தூர் போன்ற ஊர்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் முக்கியம். ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் பூமி இது. மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். அது ஓய்ந்த கையோடு வெயிலும் வறண்ட காற்றும் வந்துவிடும். நனைந்த பெஞ்சையும் பீடத்தையும் வெளியே தூக்கி வெயிலில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே எளிதாக வருகிறது. ஒழுகிய கூரை செய்ததைவிட அதிகமான சேதத்தை அந்த நம்பிக்கை செய்கிறது என்பதே என் வாதம்.

முதலில், மரத்துக்குள் தண்ணீர் எங்கே தங்குகிறது என்று பார்ப்போம். பப்பாளி இலைக்காம்பைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிதாக்கி, கோடிக்கணக்கில் நெடுக்காகக் கட்டிவைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். மரம் அப்படிப்பட்ட நுண்குழாய்களின் கட்டு. தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கும்: குழாயின் உள்வெளியில் ஒன்று, குழாயின் சுவருக்குள்ளேயே ஒன்று. துவைத்த வேட்டியை முறுக்கிப் பிழிந்தால் சொட்டும் நீரெல்லாம் போய்விடும். ஆனாலும் வேட்டி ஈரமாகத்தான் இருக்கும். சொட்டிப்போகும் நீரைத் ‘திறந்த நீர்’ என்றும், நூலிழையோடு ஒட்டிக்கொண்டு பிழிந்தாலும் வராத நீரைத் ‘தளை நீர்’ என்றும் சொல்லலாம். திறந்த நீர் போனாலும் வந்தாலும் மரத்தின் அளவு மாறுவதில்லை, எடைதான் மாறும். தளை நீர் சுவருக்குள் புகுந்தால் சுவர் தடிக்கும், வெளியேறினால் மெலியும். திறந்த நீர் முழுவதும் போய், சுவர்கள் மட்டும் நிறைவாக ஊறியிருக்கும் எல்லைக்கு ‘இழை நிறைவு நிலை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மரங்களில் அது காய்ந்த எடையில் 28 முதல் 30 சதவீதம் வரை. இதைக் கண்டறிந்த முறை மிக எளிமையானது. மரத்துண்டை எடைபோட்டு, 100 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, மறுபடி எடைபோடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உள்ளே இருந்த நீர். எடையோடு அகலத்தையும் சேர்த்து அளந்துகொண்டே வந்தால் 30 சதவீதம்வரை அகலம் அசையாது. அதற்குக் கீழே இறங்கியதும் சுருக்கம் தொடங்கும். நனைந்த பெஞ்சின் துன்பம் முழுவதும் இந்த எல்லைக்குக் கீழேதான் நடக்கிறது. தோணியோ அந்த எல்லைக்குக் கீழே இறங்குவதே இல்லை.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருந்திருந்தால் இவ்வளவு சிக்கல் வந்திருக்காது. குழாய்க்கட்டு பக்கவாட்டில் தடிக்கிறது, மெலிகிறது. நீளத்தில் அசைவதே இல்லை எனலாம். மழைக்காலத்தில் கதவு நிலையின் பக்கத்தில் இறுகுவதும், மேலே இடிக்காததும் இதனால்தான். பக்கவாட்டிலும் இரண்டு கணக்கு உண்டு. முழுக்க ஊறிய தேக்கு முற்றிலும் காய்ந்தால், ஆண்டு வளையத்தைக் குறுக்கே கடந்து செல்லும் திசையில் ஏறத்தாழ 2.5 சதவீதம் சுருங்கும். வளையத்தை ஒட்டிச் செல்லும் திசையில் 5.8 சதவீதம். ஒரே பலகையில் இரண்டு வேகம். பலகை வளைவதற்கும் முறுக்கிக்கொள்வதற்கும் காரணம் இந்த வேறுபாடுதான். அடிமரத்தை நெடுக்கே அறுத்த ஓர் அடி அகலத் தேக்குப் பலகை, முழு ஈரத்திலிருந்து இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்பக் காயும்போது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஒடுங்கிவிடும். அதே பலகை ஆறடி நீளம் இருந்தால் நீளத்தில் குறைவது அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர். தேக்கு இந்த விஷயத்தில் மிகவும் அடக்கமான மரம். மற்ற பல மரங்கள் இதைவிட அதிகமாகச் சுருங்கும்.

எதுவரை காயும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நின்றால் மரம் தனக்குள் ஏறத்தாழ 16 சதவீத நீரை வைத்துக்கொள்ளும்; காற்று 40 சதவீதத்துக்கு வறண்டால் மரம் ஏழரைக்கு இறங்கும். இதற்கு ‘ஈரச் சமநிலை’ என்று பெயர். அடைமழைக் காலத்துக்கும் பங்குனி வெயிலுக்கும் இடையில் இந்தப் பகுதியின் மரச்சாமான்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் படிகளில் ஏறி இறங்குகின்றன. மெதுவாக நடப்பதால் தாங்கிக்கொள்கின்றன.

அந்த நிதானம்தான் விஷயமே. இதை விளங்கவைக்க ஆமத்தூர்ப் பக்கத்தில் தீக்குச்சியைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தபோது, அத்தொழில் இங்கே வேரூன்ற இந்த வறண்ட காற்று பெருந்துணையாக இருந்தது. கேரளத்திலிருந்து வரும் மெல்லிய மரக்குச்சிகள் இந்த வெயிலில் சீக்கிரம் காயும், ஒன்றும் வெடிப்பதில்லை. காரணம், இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் காய்ந்துவிடுகின்றன. ஆனால் மரத்தின் நடுவிலிருந்து ஈரம் நகர்ந்து வெளியே வர எடுக்கும் நேரம் கனத்தோடு நேராகக் கூடுவதில்லை. கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, கனம் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்கு. தீக்குச்சியைவிட 25 மடங்கு கனமான, ஐந்து சென்டிமீட்டர் பீடப் பலகைக்கு 625 மடங்கு நேரம் வேண்டும். குச்சி ஒரு மணி நேரத்தில் காய்ந்தால், அதே மரத்தில் செய்த அந்தப் பலகை 26 நாள் கேட்கும். வெயிலில் போட்டால் மேல்தோல் மட்டும் குச்சியின் வேகத்தில் காய்ந்துவிடும், உள்ளே பலகையின் வேகம்தான். மேல்தோல் சுருங்கப் பார்க்கிறது, ஊறிய உட்பகுதி விடமாட்டேன் என்கிறது. தோல் கிழிகிறது. கோடையில் கரிசல்காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, வெடிப்புக்குள் கைவிட்டால் அடியில் குளிர்ச்சி தட்டுமே, அதே கதைதான் பெஞ்சுப் பலகையிலும். முதலில் வெடிப்பது பலகையின் இரு முனைகள். குழாய்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது, ஈரம் அங்கே பல மடங்கு விரைவாக ஓடுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு உலகம் பார்த்த இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961இல் மேலே கொண்டுவந்தார்கள். 333 ஆண்டு நீருக்குள் கிடந்தும் கப்பல் உருக்குலையாமல் இருந்தது. அதன் ஆபத்து நீரைவிட்டு வெளியே வந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. காய்ந்தால் சுருங்கி நொறுங்கிவிடும் என்பதால், நீரின் இடத்தில் போய் அமரும் மெழுகு போன்ற ஒரு பொருளை 17 ஆண்டு தெளித்து, பிறகு 9 ஆண்டு மெல்ல உலர்த்தினார்கள். இரண்டாவது சான்று தேவாலயத்தைச் சேர்ந்தது. 1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ ஆறு பெருகி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம் மூழ்கியது. சாந்தா குரோச்சே ஆலய வளாகத்தில், ஓவியர் வசாரி 1546இல் ஐந்து மரப்பலகைகளில் தீட்டிய இறுதி இராவுணவு ஓவியம் 12 மணி நேரத்துக்கு மேல் நீரில் நின்றது. வெள்ளத்தில் பலகைகள் உப்பின. பிறகு காய்ந்து சுருங்கியபோது, மேலே பூசியிருந்த சுண்ணப் பூச்சால் அவற்றோடு சேர்ந்து சுருங்க முடியவில்லை. ஓவியம் மேடுமேடாக எழும்பிவிட்டது. அந்த ஓவியம் சீராகித் திரும்ப 2016 ஆயிற்று. நனைந்த மற்ற பலகை ஓவியங்கள் பலவற்றை, குளிர்காலத்தில் எலுமிச்சைத் தொட்டிகளைப் பாதுகாக்கும் கூடம் ஒன்றில் அடுக்கி, அங்கே காற்றின் ஈரப்பதத்தை வேண்டுமென்றே மிக உயர்வாக வைத்து, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். நனைந்த மரத்தைக் காப்பாற்ற ஈரக்காற்று! கேட்கும்போது முரணாகத் தோன்றும் அந்த முடிவு, மேலே சொன்ன கணக்கிலிருந்து நேராகப் பிறந்தது.

உடனே ஒரு நியாயமான கேள்வி எழும். மெதுவாகக் காயவிட்டால் பூஞ்சை பிடிக்காதா, கரையான் வராதா? பிடிக்கும். அதனால் ஈரமாகவே மூடிவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே இரண்டு பூஞ்சைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே பச்சையும் வெள்ளையுமாகப் படரும் பூசணம் மேற்பரப்பில் மட்டும் வாழ்வது. துணியால் துடைத்தால் போய்விடும், மரத்தின் பலம் குறையாது. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு மரத்துக்குள் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வாரக்கணக்கில் நிலைத்திருக்க வேண்டும், கூடவே காற்றும் வேண்டும். ஆழ்நீரில் கிடக்கும் கட்டை இற்றுப்போகாததற்கு அங்கே காற்றுப் போதாமையும் ஒரு காரணம். ஆகவே தேவை ஒரு நடுவழி: வெயில் கூடாது, காற்றோட்டம் வேண்டும். கூரையுள்ள திறந்த தாழ்வாரத்தில், தரையில் படாமல், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே கனமுள்ள சட்டங்களை வைத்து அடுக்கினால் காற்று எல்லா முகத்தையும் ஒன்றுபோல் தொடும். பலகை முனைகளில் மெழுகோ வண்ணமோ தடவிவைத்தால் அந்த வாய்கள் அடைபட்டு வெடிப்பு குறையும். மின்விசிறியை நேரே பலகைமேல் திருப்பாமல் அறைக்குள் காற்று சுழலும்படி வைப்பது நல்லது. வெள்ளத்தில் நனைந்த மரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வெள்ளநீரில் சேறும் உப்பும் சாக்கடையும் கலந்திருக்கும். அவற்றை மரம் ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்; காய்ந்தபின் அந்த மண் உப்புத்தாளைப் போல பாலிஷை அறுக்கும். காய்ந்துவிட்டதா என்று கைவைத்துப் பார்த்து அறிய முடியாது, தோல்தான் முதலில் காய்கிறதே. ஊசி குத்தி ஈரம் காட்டும் கருவி உண்டு. அது இல்லாவிட்டால் தராசு போதும்: கழன்று வந்த ஒரு பலகையை வாரம் ஒருமுறை எடைபோட்டு எழுதிவந்து, எடை இறங்குவது நின்றபிறகு உளியை எடுக்கலாம்.

கால்கள் ஏன் ஆடுகின்றன என்பதற்குக் கிராமத்துக்கே தெரிந்த ஒரு பரிசோதனை விடை சொல்லும். மண்வெட்டிக் காம்பு தளர்ந்தால் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். காம்பு உப்பி இறுகும். காய்ந்தபின் முன்னைவிட அதிகமாக ஆடும். இரும்பு வளையத்துக்குள் உப்ப இடமில்லாத மரம் தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. காயும்போது நசுங்கிய அளவிலிருந்துதான் சுருங்குகிறது. இதை ‘நசிவுச் சுருக்கம்’ எனலாம். பெஞ்சுக் காலின் துளைக்குள் இறங்கியிருக்கும் கழுந்துக்கும் இதுவே நேர்கிறது. ஒரு பக்கம் மட்டும் நனைந்த பலகை, காய்ந்தபின் நனைந்த பக்கமே குழியாக வளைவதும் இதே காரணத்தால்தான். இதோடு, பழைய சாமான்களில் மர இணைப்புப் பூட்டுகளை ஒட்டியிருப்பது வச்சிரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. தண்ணீரில் அது இளகிவிடும். இதைக் குறையாகவே பலரும் பார்க்கிறார்கள். எனக்கு அது பெரிய வரமாகத் தெரிகிறது. இளகும் பசை என்றால் மரத்தைக் கிழிக்காமல் பூட்டைப் பிரிக்கலாம், மீண்டும் சூடான வச்சிரம் இட்டுச் சேர்க்கலாம். தளர்ந்த கழுந்தில் ஆணி அடிப்பவர்கள் அடுத்த பழுதுக்கான வழியை அடைத்துவிடுகிறார்கள். கழுந்தின் இரு முகத்திலும் அதே மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டி, துளைக்கு ஏற்ப இழைத்து இறக்குவதுதான் சரியான மருத்துவம்.

இனி நிறங்கள். ஒரே தண்ணீர் பாலிஷில் வெள்ளைத் திட்டையும் ஆணித்தலையைச் சுற்றிக் கருப்புத் திட்டையும் உண்டாக்குகிறது. எப்படி? பழைய பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்குப் பூச்சியின் அரக்கிலிருந்து எடுத்த அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. (வாணவேடிக்கைத் தொழிலில் ஒட்டுப்பொருளாகவும் எரிபொருளாகவும் பயன்பட்டுவந்த அதே அரக்குதான்.) அந்தப் படலத்துக்குள் ஈரம் புகுந்து கண்ணுக்குத் தெரியாத பொத்தல்களை உண்டாக்குகிறது. ஐஸ் கட்டி தெளிவாக இருக்கிறது, துருவினால் வெள்ளையாகிறது. எந்த நிறமும் சேராமலே, ஒளி எண்ணற்ற முகங்களில் பட்டுச் சிதறுவதால் வரும் வெள்ளை அது. பெஞ்சின் வெள்ளையும் அப்படித்தான். துணிப்பொதியைச் சிறிது ஸ்பிரிட்டில் நனைத்து லேசாக ஓட்டினால் அரக்கு இளகிப் பொத்தல்கள் அடைபட்டு வெள்ளை மறைகிறது. சாயமாக இருந்திருந்தால் இப்படி மறைந்திருக்காது. கருப்பு வேறு வகை. கடுக்காய்ச் சாறும் இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்ந்தால் கருமை வரும் என்பது நம் பழைய மை செய்பவர்களும் சாயம் போடுபவர்களும் அறிந்தது. மரத்தின் துவர்ப்புச்சத்தும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் அதே மைதான் மரத்துக்குள்ளேயே உருவாகிறது. அது ஆழமாக இறங்கியிருப்பதால் உப்புத்தாளால் தேய்த்தால் பலகைதான் குழியும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் இரும்பைப் பற்றி வெளியே இழுத்துவிடும். பூஞ்சையால் வந்த கருப்பு இதற்கு அசையாது. ஆகவே ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே நோயறியும் சோதனையும் ஆகிறது. அந்த அமிலம் நஞ்சு; கையுறை வேண்டும், பிறகு நன்றாகக் கழுவவும் வேண்டும். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மரத்துக்கு மெருகேற்றப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அவற்றை விரித்து உலர்த்த வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, பழைய அரக்கைச் சுரண்டிவிட்டுப் பாலியூரித்தேன் பூசினால் இனி தண்ணீரே ஏறாது என்று சிலர் சொல்லக்கூடும். எந்தப் பூச்சும் நீராவியை முழுவதும் நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. அரைகுறையாகக் காய்ந்த மரத்தின்மேல் அழுத்தமான பூச்சைப் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். முன்முகத்தில் மட்டும் பூசி, சுவரோரமாக இருக்கும் பின்முகத்தைப் பச்சையாக விட்டால் இரண்டு முகமும் இரண்டு வேகத்தில் மூச்சுவிட்டுப் பலகை வளையும்; பிரசங்கபீடங்களிலும் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளிலும் இந்த வளைவைக் காணலாம். அரக்கு தண்ணீருக்குப் பலவீனமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு திட்டில் கெட்டால் அந்தத் திட்டை மட்டும் சீராக்கலாம். பாலியூரித்தேன் ஓரிடத்தில் கெட்டால் முழுவதையும் சுரண்ட வேண்டியிருக்கும். இருப்பது எது என்று தெரியாதபோது, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தால் அரக்கு பிசுபிசுக்கும். தின்னருக்கு மட்டும் இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாதது புதிய காலத்துப் பூச்சு.

புதிதாகவே செய்துவிடலாமே என்ற வாதம் இன்னும் வலுவானது, செலவுக் கணக்கும் சில வேளைகளில் அதன் பக்கமே நிற்கும். ஒட்டுப்பலகையிலும் மரத்தூள் பலகையிலும் செய்த பொருள்கள் உப்பி உதிர்ந்துவிட்டால் அவற்றைக் காப்பாற்ற வழியில்லை. அதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் வைரம் பாய்ந்த பழைய தேக்கைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. 1858இல் சிவகாசியில் மறைந்த மிஷனரி ராக்லண்டின் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவ ஆலயப் பணி நடந்துவருகிறது. நூறாண்டு கண்ட ஒரு பெஞ்சு நூறு அடைமழையையும் நூறு கோடையையும் ஏற்கெனவே கடந்திருக்கிறது. விட வேண்டிய முறுக்கத்தையெல்லாம் விட்டுவிட்டது. இன்று அறுவை மில்லிலிருந்து வரும் பலகை அதை இனிமேல்தான் தொடங்க வேண்டும். மரத்தின் ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்று சொல்லும் இந்தியத் தரநிலை, காற்றின் ஈரப்பதத்தை வைத்து நாட்டையே நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. கேரளக் கரையில் பதமாக இருக்கும் மரம் ஆமத்தூருக்கு வந்ததும் மேலும் காய்ந்து சுருங்கும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. அவசரத்துக்கு வாங்கும் புதுப் பெஞ்சு, நனையாமலே அடுத்த பங்குனியில் வாய் பிளக்கக்கூடும்.

எல்லாம் முடிந்தபின் எஞ்சுவது வெடிப்புகள். அவற்றை உடனே பட்டி பார்த்து மூடிவிடக் கை துறுதுறுக்கும். பங்குனியில் அகலமாகத் திறந்திருக்கும் வெடிப்பில் கெட்டியான பட்டியை அடைத்தால், ஐப்பசியில் மரம் உப்பி வரும்போது இடமின்றிப் பட்டியைப் பிதுக்கித் தள்ளும், இல்லையேல் தன் ஓரங்களையே நசுக்கிக்கொண்டு அடுத்த கோடையில் இன்னும் அகலமாகத் திறக்கும். அதனால் ஓர் ஆண்டு பொறுக்கலாம். வெடிப்பின் இரு கரையிலும் பென்சிலால் ஒரு சிறு கோடு, பக்கத்தில் தேதி, இடைவெளியின் அளவு. மாதம் ஒருமுறை ஆலய ஊழியரான கோயில்பிள்ளை அதை அளந்து எழுதிவந்தால் எந்த வெடிப்பு பருவத்தோடு திறந்து மூடுகிறது, எது நிலையானது என்று தெரிந்துவிடும். மூடித் திறக்கும் வெடிப்பை அப்படியே விட்டுவிடலாம். நிலையானதில், அதே மரத்தில், இழையோட்டம் அதே திசையில் ஓடும்படி சீவிய மெல்லிய ஆப்பை ஒரு பக்கம் மட்டும் வச்சிரம் தடவி, மழையும் கோடையும் இல்லாத மாசி மாதத்தில் இறக்க வேண்டும். மறுபக்கத்தை ஒட்டாமல் விடுவது, அடுத்த கார்த்திகையில் மரம் நகர்வதற்காக.